இறக்கத்துக்குப் பூட்டு இல்லை



இன்றைய பேச்சின் நாயகன் ஓர் ஒயர். சுண்டுவிரல் நீளம் இருந்தால் அதிகம். சின்ன மின்சார ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலோ, கால் வைக்கும் பலகைக்குக் கீழோ ஓர் அலுமினியப் பெட்டி உட்கார்ந்திருக்கும். மெக்கானிக்குகளுக்கு அது கன்ட்ரோலர். அதிலிருந்து கிளம்பும் ஒயர்கள் பேட்டரிக்குப் போகும், மோட்டாருக்குப் போகும், ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக் லீவருக்கும் போகும். ஒரு ஜோடி மட்டும் எங்கும் போகாது. பெட்டியிலிருந்து புறப்பட்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, பெட்டிக்கே திரும்பிவிடும். மலிவு ரக வண்டிகள் பலவற்றில் அந்த ஜோடிதான் ஸ்பீடு லாக். பிரித்துவிட்டால் 25-ல் நின்ற முள் 45-ஐத் தொடும்.

"லாக்கை எடுத்து விட்டுரலாம்ணா, ரெண்டு நிமிஷ வேலை."

சமவெளிக்கு இந்த வசனம் பழசு. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் அதன் பொருள் மாறிவிடுகிறது. மாறுகிற விதம்தான் இன்றைய பேச்சு.

முதலில், அந்த 25 எங்கிருந்து வந்தது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 'மோட்டார் வாகனம் அல்லாத' பேட்டரி இருசக்கர வண்டிக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கின்றன. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குள், அதாவது 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் அடங்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. இதற்குள் அடங்கிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிளுக்குத் தம்பி. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட்டும் கட்டாயம் இல்லை.

இந்த 'வேண்டாம்'களுக்காகத்தான் வீட்டில் வாங்குகிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது: கியர் இல்லாத, 50 சிசிக்கு மிகாத வண்டியை அந்த வயதில் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். ஆனால் 50 சிசி பெட்ரோல் வண்டியை இன்றைக்குப் பெரிய கம்பெனி எதுவும் விற்பதில்லை. 1980-ல் ஓசூரில் பிறந்து ஒரு தலைமுறையையே சுமந்த டிவிஎஸ் 50-ன் வாரிசு இப்போது 100 சிசியாக வளர்ந்து நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே நுழைய வண்டி இல்லை. ஆகவே குன்னூரிலோ வெலிங்டனிலோ டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு, எஸ்டேட் லைனிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு, பென்ஷன் வாங்கிய பெரியவருக்கு இந்த 25 கி.மீ. வண்டி வருகிறது. வந்த ஒரு வாரத்தில் புகாரும் வருகிறது: "மேடு ஏற மாட்டேங்குது."

புகார் உண்மை. அதற்குச் சொல்லும் மருந்துதான் பொய். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

வண்டியும் ஆளும் சேர்ந்து 150 கிலோ. பத்தடி போனால் ஓரடி உயரும் மேடு. நீலகிரியில் இது அபூர்வமான மேடு இல்லை. கிராமத்துக்கும் எஸ்டேட்டுக்கும் பிரிந்து போகும் கிளைச் சாலைகளில் இதைவிடக் கொடியவை உண்டு. இந்த மேட்டில் பூமி வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 147 நியூட்டன். டயர் தேய்ந்து உருள்வதற்கு இன்னொரு இருபது. ஆக 167. இதை எதிர்த்து 250 வாட் மோட்டார் தொடர்ந்து தள்ளினால் கிடைக்கும் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். மணிக்குச் சொன்னால் ஐந்தரை கி.மீ.க்கும் குறைவு. பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு நடந்து போகும் அம்மா வண்டிக்காரருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். மோட்டார் ஒரு தம் பிடித்துக் கொஞ்ச நேரம் இரண்டு மடங்கு திறன் கொடுக்கும் என்பது உண்மைதான். அந்தத் தம் முடிந்ததும் சூடாகி மூச்சு வாங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வண்டி ஐந்திலோ பத்திலோ திணறிக்கொண்டிருக்கும்போது 25-ல் இருக்கும் பூட்டு வேலையே செய்யவில்லை. அது காவலுக்கு நிற்பது வேறொரு வாசலில். மேட்டில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது மோட்டாரின் திறனும் பூமியின் இழுப்பும். ஆகவே ஒயரைப் பிரித்தால் மேட்டில் கிடைக்கும் லாபம் பூஜ்யம். இங்கே வந்திருக்கும் மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்ளக்கூடாது. அவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ஒயரைப் பிரித்த அடுத்த மாதம் "கன்ட்ரோலரையே பெரிசா மாத்திரலாம்" என்ற இரண்டாவது வசனம் வருகிறது. பெரிய கன்ட்ரோலர் அதிக ஆம்பியர் இழுக்கும். அந்த ஆம்பியருக்கு அளந்து போடாத ஒயரும் மோட்டார் சுருளும் பேட்டரியும் மேட்டில் வேகும்.

மின்சார வண்டிக்கு மலையில் ஒரு நியாயமான பெருமை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். பெட்ரோல் எஞ்சின் காற்றைத் தின்று வாழ்வது. காற்று மெலிந்தால் அதன் பலமும் ஏறக்குறைய அதே அளவில் மெலியும். பழைய கார்புரேட்டர் வண்டியைக் கோவையில் டியூன் செய்து ஊட்டிக்கு ஓட்டி வந்தால் பெட்ரோல் அதிகமாகக் கலந்து கருப்புப் புகை கக்கும். ஊட்டி மெக்கானிக் ஜெட்டை மாற்றுவார், அல்லது ஸ்க்ரூவைத் திருகி ஒப்பேற்றுவார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் சென்சார் அந்தக் கலவையைத் தானே சரிசெய்துகொள்கிறது, ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. மின் மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை. மெரினாவில் கொடுக்கும் அதே இழுப்பை தொட்டபெட்டாவிலும் கொடுக்கும். 250 வாட் என்ற கையளவில் இருப்பதுதான் அதன் குறை.

அப்படியானால் ஒயர் பிரிந்த வண்டி எங்கேதான் வேகமாகப் போகும்? சமதரையில். நீலகிரியில் சமதரை எவ்வளவு இருக்கிறது என்பதை ஊட்டிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரையோரம் கொஞ்சம், கமர்ஷியல் ரோட்டில் கொஞ்சம், அதிலும் சீசனில் நடப்பவர்தான் முதலில் போவார்.

மீதி எல்லாம் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். பேச்சின் மையம் இறக்கம்தான்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ஓட்டுநர்கள் சொல்லும் பெயர் கவர்னர். கோடையில் மாளிகைக்கு வந்து தங்கும் கவர்னரை ஊட்டி நன்றாக அறியும். இது வேறு கவர்னர். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய இரண்டு இரும்புக் குண்டுகள் இதன் மூதாதை. எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும், நீராவிக் கதவு சாத்திக்கொள்ளும். வேகம் குறைந்தால் கதவு திறக்கும். இன்றைய கன்ட்ரோலர் செய்வதும் அதுவேதான்: சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரின் சென்சார்கள் அனுப்பும் துடிப்பை எண்ணிப் பார்த்து, 25 வந்ததும் மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறது. வாட் காலத்திலிருந்து இன்றுவரை இந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒரே வித்தை. தள்ளுவதை நிறுத்தும். பின்னால் பிடித்து இழுக்க அதற்குத் தெரியாது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி மூக்கைக் கீழே திருப்பிய வண்டியை யார் தள்ளுகிறார்கள்? மோட்டார் இல்லை, மலை. எட்டு சதவீதச் சரிவில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், பிரேக்கையும் தொடாமல் விட்டால், சாலை மட்டும் நேராக இருந்தால், அந்த 150 கிலோ வண்டி 50 கி.மீ.யைத் தாண்டிவிடும். 25-ல் பூட்டிய வண்டிதான், ஒயர் பிரிக்காத வண்டிதான், கம்பெனி முத்திரையோடு இருக்கும் வண்டிதான். பூட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். சமதரையில் பூட்டைத் தாண்டுவதைத் திருட்டு வேலை என்கிறோம்; இறக்கத்தில் மலையே அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்துகொடுக்கிறது.

இங்கே ஒரு புத்திசாலி எழுந்து கேட்கலாம்: "அப்படியானால் லாக்கை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? இறக்கத்தில் இரண்டும் ஒன்றுதானே?" நல்ல கேள்வி. வண்டியை முதலிலிருந்து பார்த்தால் பதில் கிடைக்கும். 25 கி.மீ. வண்டி என்று முடிவு செய்த பிறகுதான் அதற்குச் சட்டகம், சக்கரம், டயர், பிரேக் எல்லாம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விலையைக் குறைக்கச் சின்னச் சக்கரம், சின்ன டிரம் பிரேக். 25-ல் போகும் வண்டியை நிறுத்தத் தேவையான ஆற்றலைவிட 45-ல் போகும் வண்டியை நிறுத்த மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். லாக் எடுத்தவர் சமதரையில் 45-ஐப் பழகிக்கொள்கிறார். வளைவுக்கு முன்னால் கை எப்போது பிரேக்கைத் தேட வேண்டும் என்ற உடம்பின் கணக்கு மாறிப்போகிறது. அந்தப் புதுக் கணக்கோடு இறக்கத்துக்கு வருகிறார். அங்கே மோட்டாரும் தள்ளுகிறது, மலையும் தள்ளுகிறது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் உயரத்தில் சுமார் 1,900 மீட்டர் குறைகிறது. 150 கிலோ எடை அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 28 லட்சம் ஜூல். அடுப்புக் கணக்கில் சொன்னால், சுமார் 9 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 90 கிளாஸ் டீ. ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு ஷிப்டுக்கே டீ கொடுத்துவிடலாம். இந்தச் சூட்டில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது, ஒரு பங்கை டயர் வாங்கிக்கொள்கிறது. மீதி முழுக்க உள்ளங்கை அளவு இருக்கும் இரண்டு டிரம்முக்குள் இறங்குகிறது. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் அதில் பாதி இன்னும் கூடும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும், ஷூவின் பிடிமானமும் தளரும். லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. "பிரேக் புடிக்கல" என்று பிழைத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணத்தைத்தான்.

கியர் வண்டி ஓட்டுபவர் இதற்குத் தப்பிக்க வழி வைத்திருக்கிறார்: இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக்கிவிடுவார். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரில் இந்த வசதி அரைகுறை. வேகமாக இறங்கும்போது எஞ்சின் கொஞ்சம் பிடிக்கும். பயந்து வேகத்தைக் குறைத்தால், ஒரு கட்டத்துக்குக் கீழே தானியங்கி கிளட்ச் விலகிக்கொள்ளும், வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுபோல ஓடும். நிதானமாக இறங்குபவருக்குத்தான் இதில் தண்டனை. உள்ளே இருக்கும் வேரியேட்டர் ரோலர்களின் எடையில் இன்னொரு வேடிக்கை உண்டு. டாப் ஸ்பீடு வேண்டும் என்று ரோலர் எடையைக் கூட்டினால் மேட்டில் இழுப்பும் குறையும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் குறையும். எடையைக் குறைத்தால் இரண்டும் கூடும், டாப் ஸ்பீடு போகும். சமவெளிப் பையன் கேட்பதற்கு நேர் எதிரானதுதான் மலைக்கு வேண்டும்.

டிவிஎஸ் 50-யும் லூனாவும் ஓடிய காலத்துக்கு ஒரு தனிப் பாடம் இருந்தது. அந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு ஆயில் தனியாகப் போகாது, பெட்ரோலோடு கலந்துதான் போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டால் பெட்ரோல் நிற்கும், கூடவே ஆயிலும் நிற்கும். பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்து போய்ப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஒரு திருகு திருகுவார்கள். பார்ப்பவர்களுக்கு ஸ்டைல் என்று தோன்றும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருந்தார்கள். மிச்சமான காசு பிரேக் ஷூவுக்குப் போனது; சிலருக்கு ஆஸ்பத்திரிக்கு.

மின்சார வண்டிக்கு இறக்கத்தில் கியர் வண்டியைவிட நல்ல வழி இருக்கிறது. மோட்டாரையே டைனமோவாக மாற்றி, இறங்கும் வேகத்தைப் பேட்டரியில் சேமிக்கும் பிரேக் அது. நல்ல வண்டிகளில் உண்டு. மலிவு ரகத்தில் பெரும்பாலும் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கும். இருந்தாலும் மலையில் ஒரு விசித்திரம்: ஊட்டியில் வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், நிரம்பிய பேட்டரி இன்னும் வாங்கிக்கொள்ள மறுக்கும். வாங்காவிட்டால் அந்த பிரேக் இல்லை. நிரம்பிய குடத்தில் நீர் ஊற்ற முடியாதே. உச்சியில் குடியிருப்பவர்கள் காலையில் இறங்குவதாக இருந்தால் எண்பது, எண்பத்தைந்தில் சார்ஜரைக் கழற்றிவிடலாம். மீதியை இறக்கம் நிரப்பித் தரும்.

இறக்கத்துக்குத் தனிக் காவல் வேண்டும் என்பதை இந்த மலை 1899-லேயே புரிந்துகொண்டது. அந்த ஆண்டுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது. ஊட்டிக்கு வந்தது 1908-ல். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பன்னிரண்டேகால் அடிக்கு ஓரடி என்று உயரும் பாதை. தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசை, அதைக் கவ்விப் பிடிக்கும் பல்சக்கரம், அந்தப் பகுதியில் மணிக்கு 13 கி.மீ. வேகம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து முட்டித் தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கும். அதோடு விட்டுவிடவில்லை, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தபின் சுற்றுலாப் பயணிகள் எஞ்சினைப் படம் எடுக்கிறார்கள். பெட்டி முனையில் நின்று பிரேக்கைத் திருகுபவரை யாரும் படம் எடுப்பதில்லை.

சாலைக்கு வந்தால், தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை இருக்கிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த 7 பேரோடு ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இருவரை இரண்டு நாள் கழித்துதான் உயிரோடு மீட்டார்கள், ஐந்து பேர் இல்லை. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. 2023 செப்டம்பர் 30-ம் தேதி குன்னூரிலிருந்து இறங்கிய தென்காசிச் சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். இவை ஸ்கூட்டர்கள் இல்லை, பூட்டு எடுத்த வண்டிகளும் இல்லை. இரண்டுமே இறங்கிக்கொண்டிருந்த வண்டிகள். சுற்றுலா வேன், பேருந்து போன்ற வாடகை வாகனங்களுக்கு 2015-ல் மத்திய அரசு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 80 கி.மீ. குன்னூர் மலைப்பாதையில் 80-ல் பூட்டிய கருவி எந்த வளைவில் விழித்துக்கொள்ளும்? நெடுஞ்சாலைக்கு அது அவசியம்தான். மலையில் அது சும்மா கூடவே பயணம் செய்கிறது.

சாலை விதிகளில் ஒன்று ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிரித்துப் பார்க்கிறது: குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குபவர் ஒதுங்க வேண்டும். அந்த நுட்பம் வண்டியின் வேகப் பூட்டுக்கு எழுதிய விதிகளில் வரவில்லை.

250 வாட், 25 கி.மீ. என்ற ஜோடி இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவில் மிதித்தால் உதவும் மின்சார சைக்கிளுக்கும் இதே இரண்டு எண்கள்தான். சைக்கிள் என்றாலே நினைவுக்கு வரும் நெதர்லாந்தின் பெரும் பகுதி தாம்பாளம்போலத் தட்டை. அங்கே 25 கி.மீ. பெட்ரோல் ஸ்கூட்டர்களும் ஒரு தனி ரகம், நீல நிற நம்பர் பிளேட்டோடு. ஹெல்மெட் வேண்டாம் என்ற சலுகைக்காகவே வாங்கி, பூட்டை எடுத்துப் பறந்தார்கள். போலீஸ்காரர்கள் சாலையோரம் உருளை மேடை வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி, எவ்வளவு ஓடுகிறது என்று அங்கேயே அளந்தார்கள். கடைசியில் 2023 ஜனவரி 1 முதல் அந்த ரகத்துக்கும் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. சீனாவிலும் 25-தான் வரம்பு; பிரித்து மாற்ற முடியாதபடி வண்டியைக் கட்ட வேண்டும் என்று புதிய தர விதி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மனிதர்கள் எங்கும் ஒரே ஜாதி என்பதற்கு இந்த ஒயர் போதும்.

இங்கே? 2022-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இப்படி மாற்றிய வண்டிகளைத் தேடிப் பிடித்தது. 2023-ல் பக்கத்துக் கேரளத்தில் மோட்டார் வாகனத் துறையினர் ஷோரூம்களுக்குள்ளேயே போய்ச் சோதித்தார்கள். 250 வாட் என்று சொல்லி அதற்கு மேல் திறனும் வேகமும் உள்ள வண்டிகளை விற்பது தெரிய வந்தது. தவறு மெக்கானிக் பட்டறையில் மட்டும் நடப்பதில்லை, பில் போடும் மேஜையிலும் நடக்கிறது.

ஒயர் பிரிந்த அந்த நொடியில் சட்டத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். இதுவரை சைக்கிளுக்குத் தம்பியாக இருந்த வண்டி, இருந்த இடத்திலேயே மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவு செய்யாத மோட்டார் வாகனம், இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் மோட்டார் வாகனம். அனுமதியின்றி மாற்றம் செய்த உரிமையாளருக்கு, 2019-ல் திருத்திய 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். விதிக்குப் புறம்பான வண்டியை விற்கும் டீலருக்கு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அல்லது ஓராண்டுவரை சிறை. ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் 199-ஏ பிரிவு அப்பா அம்மாவிடம் வருகிறது: 25,000 ரூபாயும் மூன்றாண்டுவரை சிறையும். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடைக்காது.

அபராதம் ஒருமுறை கட்டினால் தீரும். நடந்து போன ஒருவரை வண்டி இடித்துவிட்டால் தீராது. இன்சூரன்ஸ் இருந்தால் மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும். இங்கே கம்பெனியே இல்லை. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவும் வீட்டிலிருந்து, அதாவது நகையிலிருந்தும் நிலத்திலிருந்தும், வர வேண்டும். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒயரைப் பிரித்த பையனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. அவனுக்கு விற்ற வண்டி மலைக்கு ஏற்றதே இல்லை. தரையில் வேகத்தை அளந்து சான்று கொடுத்த வண்டியைத் தரைக்கும் மலைக்கும் ஒரே பில்லில் விற்கிறார்கள். மலை மாவட்டத்தில் விற்கும் வண்டிக்கு வேறு ஒரு கேள்வித்தாள் வேண்டும். இரண்டு ஆளோடு எட்டு சதவீத மேட்டில் நின்று கிளம்புமா? அதே சரிவில் பத்து கி.மீ. தொடர்ந்து இறங்கியபின் பிரேக் எத்தனை மீட்டரில் நிற்க வைக்கிறது? பேட்டரி நிரம்பியிருக்கும்போது மோட்டார் பிடிக்கிறதா? ஊட்டியிலோ கூடலூரிலோ இந்த மூன்றையும் கேட்டு வாங்குபவர்கள் பத்துப் பேர் இருந்தால் கடைக்காரரும் மேலே கேட்க ஆரம்பிப்பார். மலைக்குப் போதிய திறனுள்ள வண்டி வேண்டும் என்றால் அதற்குப் பச்சை நம்பர் பிளேட் போட்ட, பதிவு செய்த, லைசென்ஸ் கேட்கும் மின்சார ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. விலை கூடுதல்தான். அந்தக் கூடுதலில் பெரிய பங்கு மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பிரேக்குக்கும் போகிறது.

ஏற்கெனவே லாக் எடுத்தவர்கள் இந்த அவையில் இருக்கலாம். கை தூக்க வேண்டாம். அந்த ஜோடி பெரும்பாலும் ஒரு கப்ளரில்தான் இருக்கும். வெட்டாமல் பிரித்திருந்தால், திரும்பச் செருகவும் அதே இரண்டு நிமிஷம்தான். கன்ட்ரோலர் மாற்றியிருந்தால் பழையதைத் திரும்பப் போடச் சொல்ல வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் ஷூ எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கண்ணாடிபோல வழவழப்பாகிவிட்டதா என்று கூட நின்று பார்ப்பது நல்லது. கேபிளும் மழையில் துருப்பிடித்திருக்கும், மாற்றிவிடலாம். பிறகு ஒருநாள் காலையில், கூட்டம் இல்லாதபோது, மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறுவரை இறங்கிப் பார்க்கட்டும். வழியில் எங்காவது ஓரமாக நிறுத்தி, பின்சக்கரத்து டிரம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். சுர்ரென்று ஆவியானால் அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு, டிரம் ஆறிய பிறகு கிளம்பலாம்.